இடிக்கிற இடத்தில் ஒரு அம்பு

என் அக்காவோடு துணிக்கடைக்குப் போவதை நான் பல வருஷங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டேன். கடைக்காரர் ஒரு சட்டையை விரித்துக் காட்டினால், அவள் முதல் வேலையாக அதை வாங்கி உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுவாள். தையலை இழுத்துப் பார்ப்பாள். அக்குள் பக்கம் விரலை விட்டுப் பார்ப்பாள். ஓரத்தில் தொங்குகிற ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பாள். அந்த மனுஷர் முகத்தில் ஈயாடாது. பக்கத்தில் நிற்கும் நான் ஏதோ போன் வந்த மாதிரி வெளியே நழுவிவிடுவேன்.

பத்தொன்பது வருஷம் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தவள். கடைசி ஏழு வருஷம் அந்தப் பிரிவுக்கே மேற்பார்வை. அங்கே குறை சொல்ல வாய் தேவையில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் தாள் தாளாக இருக்கும். எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே கறை இருக்கிறதோ, அந்த இடத்தில் ஒரு அம்பை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்பிவிட வேண்டும். பேசினால் சண்டை வரும், அம்பு ஒட்டினால் வேலை நடக்கும் என்பாள். வீட்டிலும் அதே கதைதான். நான் கழுவி வைத்த பாத்திரத்தில் ஒரு முறை அம்பு ஒட்டியிருந்தது.

அவள் கணவர், அதாவது என் மாமா, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். இந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள்தான், நானும் சேர்த்தி. கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, 'பாத்து' என்று மட்டும் சொல்வார். இருபத்தேழு வருஷம் அதே வேலை. அந்தக் கால், யார் வண்டியில் ஏறினாலும் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகூட, முன்னால் வண்டி வந்தால் தரையை அழுத்துவார். அதற்குத்தான் அவருக்கு பிரேக் என்று பெயர். வைத்தது நான்தான்.

இன்னொரு விஷயம், மனுஷர் பயங்கர உடுப்புக்காரர். கத்தி மாதிரி மடிப்பு எடுத்த சட்டை, பையில் ஒரு பேனா, கழுத்துப் பட்டன் ஒன்று மட்டும் திறந்திருக்கும். வியர்வையில் நனைந்து நான் வண்டி ஓட்டுகையில் அவர் மட்டும் அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருப்பார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய், நாலு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கால் ஓரளவு சரியானது. வலது கை மட்டும் வரவில்லை. தொங்குகிற கையோடு அவர் கண்ணாடி முன் நின்று, இடது கையால் முதல் பட்டனோடு பத்து நிமிஷம் போராடுவதை அக்கா ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். உள்ளே போய்ப் போட்டுவிட்டாள். அடுத்த நாளிலிருந்து அவருக்குக் கழுத்து வழியாக மாட்டுகிற பனியன்தான். பேனாவுக்குப் பையும் கிடையாது.

அக்கா சும்மா இருப்பாளா? ஒரு வாரம் கட்டிலெல்லாம் துணியாகக் கிடந்தது. முடிவில் ஒரு சட்டை வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சட்டை, வரிசையாகப் பட்டன்கள். ஆனால் அந்தப் பட்டன்கள் வெறும் கண்துடைப்பு. ஒவ்வொன்றின் பின்னாலும் துணிக்குள்ளே ஒரு குட்டிக் காந்தம். இரண்டு ஓரத்தையும் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், அதுவாகவே ஒட்டிக்கொள்ளும். மாமா அதைப் போட்டுக்கொண்டு, பேனாவைச் செருகிக்கொண்டு, தெருமுனைவரை தனியாக நடந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார். அன்றைக்கு அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

இதை மற்றவர்களுக்கும் தைத்து விற்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். தொழிற்சாலை மேனேஜர் நல்ல மனுஷர். சம்பளமில்லாமல் ஆறு மாத விடுப்பு கொடுத்தார். அதுவரை உன் இடம் உனக்கு, அதற்குப் பிறகு வேறு ஆள் என்று தெளிவாகவும் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்குள் இந்தத் தொழில் காலூன்றினால் அவள் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் காலை ஏழு மணிக்கு அவள் கிளம்பிவிட, மாமா சாயங்காலம்வரை நாலு சுவரோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் தெரியும்.

இணையதளத்துக்கு எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. என் பிழைப்பே அதுதான். பெயின்ட், குக்கர், கொசுவத்தி, எதற்கு வேண்டுமானாலும் நாலு வரி எழுதிக் கொடுப்பேன். சொந்த அக்காவுக்கு என்றால் விடுவேனா? உட்கார்ந்து உருகி எழுதினேன். 'பிறர் கையை எதிர்பார்த்து வாழும் நெஞ்சங்களின் கண்ணீர் துடைக்கும் ஆடை' என்பது தலைப்பு. கீழே மாமாவின் படம். ஜன்னலோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், வெளிச்சம் நன்றாக விழுந்தது, எடுத்துவிட்டேன். படத்தின் கீழே 'ஒரு பட்டனைக்கூடப் போட முடியாமல் தவித்த என் கணவருக்காக' என்று அக்கா சொல்வது போல ஒரு வரி. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினேன். ஆகா ஓகோ என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அழுதுவிட்டேன் என்று எழுதியவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். மூன்று மாதம் இப்படியே ஓடியது. சட்டை வாங்கியவர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

இதற்கு நடுவில் மாமா காந்தச் சட்டையைப் போடுவதை நிறுத்திவிட்டார். கை கால் பயிற்சிக்காக பிசியோதெரபி நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தவர், அதற்கும் போகவில்லை. கேட்டால் அலுப்பாக இருக்கிறது என்றார். மறுபடியும் பனியன், மறுபடியும் ஜன்னலோரம். நோய் என்றால் அப்படித்தான், ஏறும் இறங்கும் என்று நாங்கள் எங்களையே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

நாலாவது மாதக் கடைசியில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் காலை எனக்கு போன். இணையதளப் பக்கத்தை அப்படியே தாளில் அச்செடுத்துக் கொண்டு வா, இருபத்தைந்து பிரதி வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"சட்டை திரும்பி வந்தா எங்க தப்புன்னு பாக்குறோம்ல? இதுல ஆளுங்க வந்து பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. எங்க தப்புன்னு யாருமே பாக்கல."

நூறு பேர் அழுதிருக்கிறார்களே என்றேன்.

"நீ காட்டின ஆளுங்க எல்லாருக்கும் ரெண்டு கையும் நல்லா இருக்குடா" என்றாள்.

எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் போனேன், என் எழுத்தை யார் என்ன சொல்லிவிடுவார்கள் என்கிற திமிரோடு.

மாமா போய்க்கொண்டிருந்த அந்த பிசியோதெரபி நிலையத்தின் காத்திருக்கும் அறை நீளமானது. பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கம்பி, தண்ணீர்க் குடம் இருக்கும் இடத்தில் பிடியுள்ள குவளைகள் மட்டும். சிகிச்சை தரும் அம்மா ஒரு மேஜை போட்டுக்கொள்ள அனுமதித்தார். அக்கா ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தாள். கூடவே தன் பழைய அம்பு ஸ்டிக்கர்கள், ஓரத்தைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் உரிக்கத் தோதாக. நல்லா இருக்கு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், படிக்கும்போது எங்கே இடிக்கிறதோ அங்கே ஒட்டுங்கள், காரணம் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை என்றாள்.

மூன்று நாளில் பத்தொன்பது பேர். முதல் நாள் சாயங்காலம் தாள்களை வாங்கிப் பார்த்தேன். என் தலைப்புக்கு அம்மை போட்டிருந்தது. 'கண்ணீர்' மேல் அம்பு. 'நெஞ்சங்களின்' மேல் அம்பு. ஒரு தாளில் 'பிறர் கையை' என்பதன் மேல் மூன்று அம்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக. ஒட்டியவருக்கு எவ்வளவு கோபம் என்று அதிலேயே தெரிந்தது.

காரணம் சொன்னவர்களும் இருந்தார்கள். ஒரு பெரியவர் 'காந்தம்' என்ற சொல்லின் மேல் ஒட்டிவிட்டு, தன் நெஞ்சுக்குள் இதயத் துடிப்புக்கு ஒரு கருவி வைத்திருப்பதாகவும், காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றும் கேட்டார். அக்கா அதை உடனே தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். அப்படியென்றால் வெல்க்ரோ வைத்துத் தைக்கலாம் என்றாள். உடனே எதிர் நாற்காலியிலிருந்து நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்த ஒரு பெண்மணி, வெல்க்ரோ என்றால் பிரிக்கும்போது பர்ரென்று சத்தம் வருமே, நாலு பேர் நடுவில் எப்படிக் கழற்றுவது என்றார். இஸ்திரி போடலாமா, முழுக்கை உண்டா, கையை முதலில் விடுவதா கழுத்தை முதலில் விடுவதா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நான் எழுதிய பக்கத்தில் இதில் எதற்குமே பதில் இல்லை. சட்டை என்ற சொல்லே நாலாவது பத்தியில்தான் வருகிறது என்பதை அன்றுதான் நானே கவனித்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பெயின்டர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை நரம்பு போனவர். முழுசாகப் படித்தார். ஒரே ஒரு அம்பு எடுத்து, மாமா படத்துக்குக் கீழே இருந்த வரியின் மேல் ஒட்டினார். எனக்கு அடக்க முடியவில்லை. அது பொய்யில்லையே, நடந்ததுதானே என்று கேட்டுவிட்டேன்.

"உண்மைதாங்க. ஆனா நான் இந்தச் சட்டையப் போட்டுட்டுப் போறேன்னு வைங்க. எங்க வாங்கினேன்னு கூட வேலை பாக்குறவன் கேப்பான். இந்தப் பக்கத்தையா எடுத்துக் காட்டுவேன்?"

அக்கா அந்தத் தாளை வாங்கித் தனியாக மடித்து வைத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அது அவள் மடியிலேயே இருந்தது.

எல்லாத் தாள்களையும், மிச்சமிருந்த ஆறு வெற்றுப் பிரதிகளையும், ஸ்டிக்கர்களையும் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டு அவள் படுக்கப் போயிருக்கிறாள். காலையில் என்னைக் கூப்பிட்டாள். போனபோது மேஜை முன் நின்றுகொண்டிருந்தாள். வெற்றுப் பிரதிகளில் மேலே இருந்த தாளில் ஒரு அம்பு இருந்தது. கோணலாக, ஓரம் கொஞ்சம் கசங்கி, பல்லால் உரித்த அடையாளத்தோடு. பெயின்டர் ஒட்டிய அதே வரியின் மேல்.

மாமா ஜன்னலோரம் வழக்கமான இடத்தில் இருந்தார், பனியனோடு. அக்கா தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பங்க பாத்தீங்க இத?" என்று கேட்டாள்.

அவருக்கு நீளமாகப் பேசினால் நாக்கு இழுக்கும். நிதானமாகத்தான் சொன்னார். பக்கம் வெளியான இரண்டாவது வாரம், பயிற்சி நிலையத்தில், கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாராம். யாருடனோ துணைக்கு வந்த ஒரு பெண் போனை நீட்டி, இது நீங்கள்தானே, ஐயோ பாவம் என்றாளாம். நல்ல மனதோடுதான் கேட்டாள் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் அப்படித்தான், யார்மேலும் பழி போட மாட்டார்.

"அந்தச் சட்டையப் போட்டப்ப நான் பழைய ஆளு மாதிரி இருந்தேன். அதுக்கப்புறம் போட்டா அந்தப் போட்டோல இருக்கிற ஆளு மாதிரி இருக்கு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, மாப்ளே."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஊரெல்லாம் கேட்டேன். குக்கர் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறவன், முதல் சட்டையைப் போட்டவரை, படம் எடுக்கையில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவரை, கேட்கத் தோன்றவில்லை. அவர் படம் எடுப்பதைத் தடுக்கவில்லை, அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்போது அவருக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதே கஷ்டம். மன்னிப்புக் கேட்டேன். சரி விடு என்று இடது கையை அசைத்தார்.

அக்காதான் முதலில் தெளிந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இனிமேல் நீ எழுத வேண்டாம், அவர் சொல்வார், நீ தட்டச்சு மட்டும் செய் என்று என்னிடம் சொன்னாள். பெயின்டரின் தாளைப் பிரித்து மேஜையில் வைத்தாள்.

"ஏங்க, அந்தச் சட்டையில உங்களுக்குப் பிடிச்சது என்ன?"

மாமா இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நானே போட்டுக்கலாம். ஒரு கை போதும்" என்றார்.

நான் 'ஒரு கை போதும்' என்று அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் பின்னால் இன்னும் ஏதோ சேர்க்கப் போனேன். அக்கா என் விரலைத் தட்டிவிட்டாள். அதுதான் தலைப்பு. அடுத்து, போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்பது. சட்டெனப் போடலாம் என்று எழுதுவோமா என்றேன். மாமா சம்மதிக்கவில்லை. சட்டையைக் கொண்டுவரச் சொல்லி, பல நாளைக்குப் பிறகு கையில் எடுத்தார். நான் போனில் நேரம் பார்த்தேன். வராத கையை முதலில் மடியில் வைத்தபடியே உள்ளே நுழைத்து, தோளுக்கு மேல் இழுத்துவிட்டு, வருகிற கையைப் பின்னால் விட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கிளிக், கிளிக் என்று ஒட்டிக்கொண்டே வந்தார். நாற்பத்தைந்து நொடி. அப்படியே போடு, குறைக்காதே என்றார்.

மற்றதெல்லாம் அந்தப் பத்தொன்பது பேர் கேட்ட கேள்விகள், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே. இதயத்தில் கருவி இருக்கிறவர்கள் காந்தச் சட்டை வாங்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள், வெல்க்ரோச் சட்டை இருக்கிறது. சத்தம் வருமா? கொஞ்சம் வரும். பட்டன் நிஜம் மாதிரி தெரியுமா? தெரியும். படத்துக்கு மாமாவின் முகம் இல்லை. அவர் இடது கையும் மூன்றாவது பட்டனும் மட்டும், அவரே தேர்ந்தெடுத்தது. ஓரத்தில், பையில் பேனா தெரிந்தது.

புதிய பக்கத்தைப் படித்த என் நண்பர்கள் யாரும் அழவில்லை. ரொம்ப வறட்சியாக இருக்கிறதே என்று ஒருவன் எழுதினான். அந்த வாரம் பெயின்டர் இரண்டு சட்டை வாங்கினார். அடுத்த வாரம் அவர் சொல்லி இன்னொருவர். பிறகு எனக்குத் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆர்டர் வர ஆரம்பித்தது. அக்கா இரண்டாவது தையல் இயந்திரத்தை எடுத்துப் போட்டாள்.

ஆனால் இன்னொரு சிக்கல் வந்தது. வாங்குகிறவர்கள் போன் செய்து, எப்படிப் போட்டுக்கொள்வது என்று கேட்டார்கள். அக்கா சொல்லிப் பார்த்தாள். இரண்டு கை இருக்கிறவளுக்கு அது வாயில் வரவில்லை. நடுவில் குழம்பி, அவர்களும் குழம்பி, போனை வைத்துவிடுவார்கள். இரண்டு சட்டை திரும்பி வந்தன. ஆறாவது மாதத்தின் கடைசி நாளும் வந்துவிட்டது. மதியம் பன்னிரண்டுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார் மேனேஜர். அக்கா தொழிற்சாலையில் போடும் நீல மேலங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தாள். இவ்வளவு ஆர்டரையும் தைத்துக்கொண்டு, இந்த போனையும் பேசி, தன்னால் தனியாக முடியாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

பதினொன்றரைக்கு போன் அடித்தது. அக்கா கையில் துணி, காலடியில் இயந்திரம். நான் எழுவதற்குள் மாமா இடது கையை நீட்டி எடுத்துவிட்டார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் அந்நியர்களோடு போனில் பேசியதே இல்லை. அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள்.

அந்தப் பக்கம் யாரோ பதற்றமாகப் பேசுவது கேட்டது. மாமா முழுசாகக் கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

"அவசரமே இல்லைங்க. உக்காந்துக்குங்க. உக்காந்துட்டீங்களா? சட்டைய மடில விரிங்க. வராத கை மொதல்ல. ஆங், அதைத் தூக்க வேண்டாம், சட்டைய அதுகிட்ட கொண்டு போங்க."

எனக்குப் பதினெட்டு வயதில், முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தபோது கேட்ட அதே குரல். நாக்கு கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். எதிர்முனையில் மூச்சு வாங்கியது, துணி சரசரத்தது, பிறகு ஒரு கிளிக் கேட்டது. இன்னொரு கிளிக்.

நாற்பத்தைந்து நொடி என்று போட்டிருக்கிறீர்களே, எனக்கு இரண்டு பட்டனுக்கே ஐந்து நிமிஷம் ஆகிவிட்டதே என்றார் அந்த மனிதர். குரலில் சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது.

"எனக்கும் மொதல்ல அப்படித்தான். அந்த நாப்பத்தஞ்சு போன மாசக் கணக்கு. இப்ப முப்பத்தொண்ணு."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் அது புதுச் செய்தி. எங்கள் இருவருக்கும் தெரியாமல் மனுஷர் தினமும் கடிகாரம் வைத்துப் பழகியிருக்கிறார்.

அக்கா எழுந்து நீல மேலங்கியை நாற்காலியிலிருந்து எடுத்தாள். வழக்கம்போல உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்து, மடித்து, வெட்டிய துணிகளின் அடியில் வைத்தாள். மேனேஜருக்கு போன் செய்ய வாசலுக்குப் போனாள். உள்ளே மாமா அடுத்த பட்டனுக்கு வந்திருந்தார். பாத்து, பாத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் அவர் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.